ஹாரன் சாருக்கு மூச்சுப் பயிற்சி

ஜூன் 4

ஹாரன் சார் அவர்களின் மேலான பார்வைக்கு,

நாடு கடத்தப்பட்ட உங்கள் ஒரே மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் தொண்டை நலமாக இருப்பது நேற்றே இந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நேற்று நீங்கள் போனில் பேசியபோது, அத்தை போனைக் காதிலிருந்து எடுத்து, ஈரத் துணியைப் பிடிப்பதுபோலக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. கீழே டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் படியேறி வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று விசாரித்தார். அத்தை போனை வைத்துவிட்டுச் சொன்னது அப்படியே: "இனிமே உங்கப்பன் என் போன்ல பேச வேணாம். சொல்ல வேண்டியத எழுதி அனுப்பட்டும். தம்பியா இருந்தாலும் காது என்னோடது."

அதனால்தான் கடிதம். என் குற்றத்தைப் பற்றி நானே ஒருமுறை எழுதிவிடுகிறேன், நீங்கள் எழுதினால் தாள் தாங்காது. நீங்கள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக் காரின் பின்பக்கம் நான் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். 'ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளேயே ஒன்று உட்கார்ந்திருக்கிறது.' உங்களுக்கு ஹாரன் என்று பெயர் வைத்தது உங்கள் மாணவர்கள், நானில்லை. நான் அதை வெளியிட்டவன் மட்டும். ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதே, இன்றைக்கு நமக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று நாள் முழுக்க நீங்கள் பதிலுக்குத் தலையாட்டிக்கொண்டு ஓட்டியதற்கும் நான் பொறுப்பில்லை. பெட்ரோல் பங்கில் உங்கள் முதலாளி பின்னால் வந்து நின்றது விதி.

தண்டனை எப்படி இருக்கிறது என்று அறிய ஆவலாக இருப்பீர்கள். அத்தை வரவேற்பில் உட்காரும் 'அமைதி நிலைய'த்தில் சாயங்காலம் பாய் விரிப்பது என் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆபீஸ்காரர்கள் வருவார்கள். ஒருவர் முன்னால் உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வார். பிறகு, நம்ப மாட்டீர்கள், வெளியே விடச் சொல்வார். இதற்குக் கட்டணம். நான் அவருக்குக் காற்று வியாபாரி என்று பெயர் வைத்திருக்கிறேன். நேற்று வகுப்பின் நடுவில் கீழே டயர் கடையில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. "உங்கள் எரிச்சல் ஒரு மேகம், அது கடந்து போகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்ப் படியில் நின்று, டயர் கடைக்காரரின் மூன்று தலைமுறையையும் விசாரித்தார். மேகம் கடந்துதான் போனது, கீழ்த்தளத்துக்கு.

எப்போது என்னை வீட்டுக்குக் கூப்பிடுவீர்கள் என்று தெரிவிக்கவும்.

பாய் விரிப்பவன்


ஜூன் 9

துரைக்கு,

எழுத்தில் கத்த முடியாது என்று உன் அத்தை நினைத்தால் அது அவள் அறியாமை. இந்தத் தாளில் மூன்று இடத்தில் பேனா கிழித்திருக்கிறது. அங்கெல்லாம் நான் கத்தியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்.

உன் ஸ்டிக்கரின் பலன் என்ன தெரியுமா? முன்பெல்லாம் முதலாளி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இப்போது ஒவ்வொரு மாணவரையும் தனியாகக் கூப்பிட்டு, சார் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்கிறார். எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? உயிரோடு திரும்பி வருகிறார்கள் இல்லையா, அப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு அம்மா சேர்ந்திருக்கிறாள். மருந்துக்கடை நடத்துகிறாள். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவள். சீட்டைப் படித்து மருந்து எடுப்பதில் புலி. வளைவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதோ விஷப் புட்டியைப் பிடிப்பது மாதிரி. போன வாரம் ரவுண்டானாவுக்குள் நுழைந்தோம். நான் கத்தவில்லை. 'இண்டிகேட்டர்' என்று சொன்னேன். சற்று அழுத்திச் சொன்னேன். அந்த அம்மா வண்டியை அங்கேயே நிறுத்தினாள். சுற்றி எல்லாப் பக்கமும் லாரி. சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள், கைப்பையை மாட்டிக்கொண்டாள், கதவைத் திறந்து இறங்கி, புல்தரையைக் கடந்து நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கதவைச் சாத்தவும் இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "அந்தம்மாவுக்கு நீங்களேதான் கத்துக்குடுக்கணும், வேற வண்டி கெடையாது. ஆனா இன்னொரு தடவ அவங்க பாதியில வண்டிய விட்டு இறங்குனா, நீங்களும் இறங்கிக்குங்க" என்றார். இத்தனை வருடம் ஓட்டியவனுக்கு இது பேச்சு.

எனவே உன்னை எப்போது கூப்பிடுவேன் என்ற கேள்விக்குப் பதில்: வேலை நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு. நிலைக்காவிட்டால் நீ அங்கேயே பள்ளியில் சேர வேண்டியதுதான். அக்கா சம்மதித்துவிட்டாள். உன் அம்மா சம்மதிக்கவில்லை. கண்ணாடிக் கடை வேலையிலிருந்து வந்ததும் என்னிடம் பேசாமல் நேராகப் படுக்கப் போகிறாள்.

காசு வாங்கிக்கொண்டு மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கும் ஆளைப் பற்றி எழுதியிருந்தாய். உலகம் இதற்கு மேல் கெட முடியாது. எனக்கு மூச்சு விடத் தெரியும். பிறந்ததிலிருந்து விடுகிறேன்.

உன் அப்பா


ஜூன் 14

பிறந்ததிலிருந்து மூச்சு விடுகிறவருக்கு,

மன்னிக்கவும். அங்கேதான் நீங்கள் தப்பு. நீங்கள் மூச்சு விடுவதே இல்லை. வாங்குவதோடு சரி.

சின்ன வயதில் நீங்கள் பாடம் நடத்தும்போது பின்சீட்டில் என்னைப் போட்டுக்கொண்டு போவீர்களே, அம்மாவுக்கு வேலை இருக்கும் நாட்களில். எனக்கு வேறு என்ன வேலை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் பக்கத்தில் ஒரு இரண்டாவது பிரேக் இருக்கிறதே, உங்கள் வலது கால் அதன் மேலேயே ஒட்டியிருக்கும். வளைவு வந்தால் 'ஸ்ஸ்' என்று காற்றை இழுப்பீர்கள். வளைவு போய்விடும், காற்று வெளியே வராது. அடுத்து மாடு வரும், இன்னொரு 'ஸ்ஸ்'. சைக்கிள்காரன், இன்னொன்று. இப்படிச் சேர்த்துச் சேர்த்து வைத்து, கடைசியில் மொத்தச் சரக்கும் ஒரே லாரியில் கிளம்பும். வழியில் நிற்பவருக்குத்தான் கஷ்டம். ஏழு வயதில் எனக்குத் தெரிந்தது இது. நீங்கள் கோபக்காரர் இல்லை அப்பா, நீங்கள் அடைத்துக்கொண்ட குழாய்.

இனி வேலைக்கு வருவோம். பயப்படாதீர்கள், காற்று வியாபாரியின் சரக்கை அப்படியே அனுப்பவில்லை. அவர் சொல்வதில் மேகம், தாமரை, ஊதுவத்தி, மெல்லிய புல்லாங்குழல் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் ஒரு உள்ளங்கையளவுதான் மிச்சம். அந்த மிச்சத்தை அத்தை பாய் இல்லாமல் செய்கிறார். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கோபமாகப் போன் வரும். அத்தை எடுப்பதற்கு முன்னால், மணி அடிக்க அடிக்க, தோளைத் தொங்கப்போட்டு நீளமாக ஒரு மூச்சு விடுவார். பிறகு எடுத்து, "சொல்லுங்க" என்பார். நான் பார்த்தவரை அவர் எதிர்முனைக்காரரைத் திட்டியதே இல்லை. உங்களோடு பிறந்தவர்தானா என்று எனக்கே சந்தேகம்.

செய்முறை: நேராக உட்காருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக, நாலு எண்ணும் நேரம், மெதுவாக உள்ளே. நெஞ்சு தூக்கக் கூடாது, வயிறுதான் கையைத் தள்ள வேண்டும். உங்களுக்கு அது ஏற்கனவே தள்ளித்தான் இருக்கிறது. பிறகு ஆறு எண்ணும் நேரம் வெளியே. வெளியே விடுவதுதான் நீளம், அதுதான் முக்கியம். அப்போதுதான் படபடப்பு இறங்குகிறது. இப்படி ஒரு பாட்டு ஓடும் நேரம். அவ்வளவுதான். இலவசம். மகன் என்பதால் சலுகை.

நான் இங்கே பள்ளியில் சேர மாட்டேன். நேற்று அந்தப் பக்கமாக நடந்தேன். வாசலில் 'ஒழுக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் சிவப்பில். எனக்கு ஒத்துவராது. ஆகவே தயவுசெய்து மூச்சு விடுங்கள்.

பிழைக்க வழி தெரிந்தவன்


ஜூன் 20

துரைக்கு,

அடைத்துக்கொண்ட குழாயாம். நீ எழுதியதை உன் அம்மா சத்தமாகப் படித்துவிட்டு, எனக்குக் கேட்கட்டும் என்று இன்னொரு முறையும் படித்தாள். இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். அந்த ஒரு காரணத்துக்காக உன் கூத்தைச் செய்து பார்த்தேன். நம்பிக்கையால் அல்ல.

யாரும் பார்க்கக் கூடாது என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன் நான். நன்றாக இழுத்தேன். நன்றாக விட்டேன். வேகமாக, பலமாக, வரிசையாக. கொஞ்ச நேரத்தில் விரல் நுனி குறுகுறுத்தது, சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா கதவைத் தட்டினாள். "உள்ள என்ன, யார் சைக்கிளுக்குக் காத்தடிக்கிறீங்க?"

இதற்குத்தான் அங்கே பணம் கட்டுகிறார்களா? தலைசுற்றலுக்கா? ராட்டினத்தில் ஏறினால் இதைவிட மலிவு.

மருந்துக்கடை அம்மா வருகிறாள், போகிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று வண்டியை விட்டுக் கீழே வந்ததும் தாடை திறக்கவில்லை. கத்தாமல் இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது. அந்த அம்மா ஓரக்கண்ணால் என்னையே பார்க்கிறாள், சாலையைப் பார்க்காமல். வெடிக்கப் போகிற அடுப்பைப் பார்ப்பதுபோல. அதனால் இன்னும் மோசமாக ஓட்டுகிறாள். பரீட்சை அடுத்த மாதம்.

உன் அப்பா


ஜூன் 24

வாளிமேல் அமர்ந்த முனிவருக்கு,

'மெதுவாக' என்று எழுதியிருந்தேன். அதை எந்த இடத்தில் தவறவிட்டீர்கள்? நீங்கள் மாணவர்களிடம் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்வீர்களே, 'கிளட்ச மெதுவா விடுங்க, மெதுவா', அந்த மெதுவா. கிளட்சைப் படக்கென்று விட்டால் வண்டி எப்படித் துள்ளி நிற்குமோ, அப்படித்தான் தலை சுற்றியிருக்கிறது. வேகமாக ஊதித் தள்ளினால் யாருக்கும் சுற்றும். அத்தையிடம் கேட்டேன். "அவன் சின்ன வயசுல பலூன் ஊதுனாலும் வெடிக்கிற வரைக்கும்தான் ஊதுவான்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவது பயிற்சி இல்லை அப்பா. அது அதே கத்தல்தான், வாயை மூடிக்கொண்டு கத்துவது. அந்த அம்மாவுக்குக் காது கேட்காவிட்டாலும் கண் தெரியுமே. தாடையை விடுங்கள். தோளை விடுங்கள். கடைசியில் அந்த இரண்டாவது பிரேக்கிலிருந்து காலையும் கொஞ்சம் விடுங்கள், அது தேய்ந்துவிடப் போகிறது.

இன்னொன்று. குளியலறையில் செய்து என்ன பயன்? குளியலறையில் உங்களை யார் எரிச்சல்படுத்துகிறார்கள், சோப்பா? வீட்டில் பழகுங்கள், சரி. ஆனால் நிஜமாக வேண்டிய இடம் வண்டிக்குள். கத்தல் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வரும் இல்லையா, அந்த வழியிலேயே பிடித்துவிடுங்கள். அந்த நிமிடமே செய்யுங்கள், நான் சொன்னது எதையும் விடாமல், வரிசையாக.

இன்று காற்று வியாபாரி என்னைப் பார்த்து, "உனக்குள் ஒரு புயல் இருக்கிறது தம்பி" என்றார். "இல்ல சார், அது டயர் கடை கம்ப்ரஸர்" என்றேன். அத்தை மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினார். எதுவும் விழுந்திருக்கவில்லை.

உங்கள் மூச்சுக் கணக்கர்


ஜூன் 30

மகா மேதைக்கு,

நீ சொன்னபடி செய்தேன். சொன்னது எதையும் விடாமல், வரிசையாக. விளைவைக் கேள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேம்பால ஏற்றம். சிவப்பு விளக்கு. பின்னால் ஒரு பள்ளிக்கூட பஸ், ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பச்சை விழுந்தது. அந்த அம்மா கிளட்சை விட்டாள், இன்ஜின் நின்றது. மறுபடி, மறுபடி நின்றது. மூன்றாவது முறை வண்டி பின்னால் உருண்டது. நான் இரண்டாவது பிரேக்கை மிதித்தேன், ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தேன். அதுவரை சரி. அப்போது வயிற்றிலிருந்து கிளம்பியது பார், இதுவரை நான் கத்தியதெல்லாம் அதற்கு முன்னால் கொட்டாவி. முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தது. உன் கடிதம் நினைவுக்கு வந்தது. நேராக உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கையை வயிற்றில் வைத்தேன். மெதுவாக இழுத்து, நீளமாக விட்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், உன் சாமர்த்தியத்துக்காக அல்ல. தோள் இறங்கியது. தாடை திறந்தது. பிரேக்கிலிருந்து காலும் விலகியது. எத்தனையோ வருடமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று கழன்ற மாதிரி, தலை தானாக ஜன்னல் பக்கம் சாய்ந்தது. சுகமாகத்தான் இருந்தது.

பக்கத்தில் இருந்தவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? வாத்தியார் கத்த வேண்டிய இடத்தில் கத்தவில்லை. கண் மூடியிருக்கிறது. வாய் பிளந்திருக்கிறது. கை வயிற்றில். தலை தொங்குகிறது. அவள் மருந்துக்கடைக்காரி வேறு, நோயைப் பார்த்துப் பழகியவள். இது மாரடைப்பு என்று முடிவு கட்டிவிட்டாள்.

நான் கண்ணைத் திறந்தபோது வண்டி பாலத்தின் உச்சியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "சார், பேசாதீங்க. மூச்ச மட்டும் விட்டுக்கிட்டே இருங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள். என் காலம் முழுக்க என் வண்டியில் என்னை யாரும் அப்படி அடக்கியதில்லை. நான் பேசவில்லை. காரணம், அவள் ஓட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கியர் ஒன்றுகூட உரசவில்லை. அந்த ரவுண்டானா வந்தது. இண்டிகேட்டர் போட்டாள். போட்டாள் என்றால் போட்டாள். லாரிக்கு வழிவிட்டு, சந்து கிடைத்ததும் நுழைந்து, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி அவசர வாசலில், இரண்டு ஆம்புலன்சுக்கு நடுவில், ஒரே முயற்சியில் பின்பக்கமாக நிறுத்தினாள். நான்கூட அங்கே இரண்டு தரம் எடுத்திருப்பேன்.

நிறுத்தியதும் குதித்து இறங்கி ஓடினாள். ஸ்ட்ரெச்சரோடு ஒரு நர்சும் ஒரு ஆளும் வந்தார்கள். என்ன செய்கிறது என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்ல? மூச்சுப் பயிற்சி செய்தேன் என்றேன். அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையைத் தபாலில் அனுப்ப முடியாது. "மூச்சு விட்டதுக்கா ஸ்ட்ரெச்சர் கேட்டீங்க?" என்று அந்த அம்மாவிடம் கேட்டாள்.

பிறகு அந்த அம்மா கத்தினாள். நடு வாசலில். என்னைக் கேலி செய்யத்தான் இப்படிச் செத்துப்போன மாதிரி நடித்தீர்களா என்று. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நல்ல குரல்வளம். சாவியை என் மடியில் வீசிவிட்டு நடந்து போய்விட்டாள். ஆக, மறுபடியும் பாதியில் வண்டியை விட்டு இறங்கிவிட்டாள். இதில் சிறப்பு என்னவென்றால், நான் சாகப் போகிறேன் என்று முதலாளிக்குப் போன் போட்டதும் அவளேதான். அவர் பனியனோடு ஓடி வந்தார். நான் உயிரோடு இருப்பதைப் பார்த்து அவருக்கு வந்த கோபம்!

திங்கட்கிழமை என்னையும் அந்த அம்மாவையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். சிவப்பில் எழுதிய வாசலுக்குப் பழகிக்கொள்.

உன் அப்பா


ஜூலை 3

அப்பாவுக்கு,

கண்ணை மூடச் சொன்னது தரையில் பாய்மேல் உட்கார்ந்திருப்பவருக்கு. ஓடுகிற ஊருக்கு நடுவில், ஏற்றத்தில், பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. இதையும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் எந்த டிரைவிங் வாத்தியாராவது ஓட்டத் தெரியாதவர் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவாரா? நீங்கள் ஒருவர்தான் மூடுவீர்கள், ஏனென்றால் தாளில் எழுதியிருந்தது. சாலை விதியைப் பின்பற்றுகிறவர்.

கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். ஸ்ட்ரெச்சர் வரை சிரித்தார். முதலாளி வந்ததும் சிரிப்பு நின்றது. பள்ளி விண்ணப்பத்தை எடுத்து அலமாரிமேல் வைத்தார். எனக்குத் தெரியக் கூடாது என்று வைத்தார், ஆனால் அவர் வீட்டில் அந்த ஒரு அலமாரிதான் இருக்கிறது.

அதன் பிறகு நான் பால்கனியில் போய் உட்கார்ந்து, உங்களுக்குச் சொன்னதை நானே செய்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. எண்ணிக்கையே தப்பிப் போனது. காற்று வியாபாரியை நினைத்தேன், எரிச்சல்தான் வந்தது. விடாமல் செய்ததில், எண்ணிக்கை மட்டும் பிடிபட்டது. பிரச்சினை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. நான்தான் அதற்கு எதிரே கொஞ்சம் ஒழுங்காக உட்கார்ந்தேன். இது அவ்வளவுதான் செய்யும் போலிருக்கிறது அப்பா, விளம்பரத்தில் சொல்கிற மாதிரி எதுவும் இல்லை.

முதலாளி அறையில் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். எண்ண வேண்டாம், கையை எங்கும் வைக்க வேண்டாம். விடுவதை மட்டும் நீளமாக விடுங்கள். யாருக்கும் தெரியாது.

நான் அங்கே வர வேண்டும். இதற்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை.

உங்கள் மகன்


ஜூலை 10

துரைக்கு,

வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கிடாதே.

திங்கட்கிழமை முதலாளி முதலில் என்னைத்தான் கேட்டார். வேலை நேரத்தில் தூங்கினீர்களா என்றார். இல்லை என்றேன். குடித்திருந்தீர்களா என்றார். என்னைப் பார்த்து. நீ சொன்னபடி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் நீளமாக விட்டேன். இரண்டு தரம் விட வேண்டியிருந்தது. பிறகு, கத்தாமல் இருப்பதற்காக மூச்சுப் பயிற்சி செய்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். முதலாளி மேசைமேல் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். அவரும் ஏதோ பயிற்சி செய்கிறார் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாவைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கு இவர் மேல கோவம் தீரல. ஆனா அன்னைக்கு நான் ஓட்டுனேன். யாரும் கத்தல. புகார் ஒண்ணும் குடுக்கல, பரீட்சைக்கு இவரே வரட்டும்."

முதலாளி என்னைப் பார்த்துக் கடைசியாகச் சொன்னார்: "பரீட்சையில உங்க வாய்ல இருந்து ஒரு சத்தம் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கோட உங்க வேல போச்சு."

வியாழக்கிழமை பரீட்சை. விதிப்படி தேர்வு அதிகாரி என் இடத்தில் உட்காருவார், நான் பின்சீட்டில். பின்சீட்டில் பிரேக் கிடையாது. என் வலது கால் வெறும் கால்மிதியை மிதித்துக்கொண்டே வந்தது. அந்த அதிகாரி இருக்கிறானே, அவன் ஒரு கத்தல்காரன். அதுவும் கத்தத் தெரியாத கத்தல்காரன். வயிற்றிலிருந்து வராது, நாக்கு நுனியிலிருந்து கீச்சுக் கீச்சென்று வரும். கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட்டான். கண்ணாடியைச் சரிசெய்தால் கத்தல், சரிசெய்யாவிட்டால் கத்தல். மூன்றாவது முறை வந்திருக்கிறாயே, உனக்கெல்லாம் எதற்கு வண்டி என்றான்.

பின்னால் உட்கார்ந்ததில் ஒன்று பார்த்தேன். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் கழுத்து தோளுக்குள் போனது. ஒவ்வொரு தரமும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்குத் தெரிந்ததில்லை. நான் சாலையைப் பார்ப்பவன். நீ பின்சீட்டிலிருந்து என்னைத்தான் பார்த்தாய் என்று எழுதியிருந்தாய். அவர்களையும் பார்த்திருப்பாய். சொல்லவில்லை. அது உன் மரியாதையா, அலட்சியமா தெரியாது. கேட்கவும் போவதில்லை.

சந்திப்பில் இன்ஜின் நின்றுவிட்டது. அவன் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிக் கத்தினான். அந்த அம்மாவின் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவிக் கதவின் கைப்பிடிக்குப் போனது. இன்னொரு கை கைப்பையைத் தேடியது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. அவள் இறங்கினால் எல்லாம் போயிற்று. அவனைப் பார்த்து நான் கத்தினாலும் எல்லாம் போயிற்று. கத்தல் தொண்டையில் நிற்கிறது, மேம்பாலத்தில் வந்தது போல இரண்டு மடங்கு. இந்த முறை அது அவள் மேல் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் தலைமுடியைப் பறக்கவிட்டிருப்பேன்.

விட்டேன். மூச்சைத்தான். கண்ணைத் திறந்தபடி, உள்ளே இருந்த அவ்வளவையும், நீளமாக. சத்தமாகவே வந்துவிட்டது.

அதிகாரி திரும்பி, "என்னய்யா சத்தம், டயர்ல காத்து எறங்குதா?" என்றான்.

அந்த அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். என் கண் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாள், அது எனக்குப் புரிந்தது. பிறகு அவள் தோள் இறங்கியது. அவளும் ஒன்று விட்டாள். கைப்பிடியிலிருந்து கை திரும்பி வந்தது. சாவியைத் திருப்பினாள். அதன் பிறகு அவன் எவ்வளவு கத்தினாலும், ஒவ்வொரு தரமும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் செய்தாள். அவனுக்கு அது பொறுக்கவில்லை. தப்புக் கண்டுபிடிக்க முடியாமல், எங்கள் இரண்டு பேரையும் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அவன் இறங்கிப் போகும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு நான் முன்னால் வந்து உட்கார்ந்தேன். அந்த அம்மா நான்கு ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றினாள். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் கத்தல். முன்பே சொன்னேன், நல்ல குரல்வளம்.

முதலாளிக்கு விஷயம் போய்விட்டது. அடுத்த வாரத்துக்கு இரண்டு மாணவர்களை என் பெயரில் எழுதியிருக்கிறார். வேலை இருக்கிறது.

அக்காவிடம் சொல், அலமாரிமேல் இருப்பதைக் கிழித்துப் போடட்டும். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தயாராக இரு. உன் அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள், என்னை நம்பி அல்ல.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்த ஸ்டிக்கருக்காக உனக்கு ஒரு கத்தல் என்னிடம் அப்படியே இருக்கிறது. நாலு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன், தினமும் செய்து பார்த்துவிட்டேன். அது போகவில்லை. வந்து வாங்கிக்கொள்.

உன் அப்பா